ஐஇஎல்டிஎஸ் லிசனிங்கில் கோட்டை விடுகிறேன்

முதுகலைக்கு விண்ணப்பிக்க ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதப்போகிறேன். ரீடிங் பரவாயில்லை, லிசனிங்கில்தான் ஒரு விடையை யோசிப்பதற்குள் அடுத்த இரண்டு கேள்வி ஓடிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: 40 கேள்விக்கும் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும், அதனால் போனது போகட்டும் என்று அடுத்ததற்குத் தாவிவிடுங்கள். பேசுபவர் முதலில் செவ்வாய் என்பார், அப்புறம் இல்லை இல்லை, புதன் என்று மாற்றுவார். நான் செவ்வாய் என்று எழுதி ஏமாந்தவன்.

பதில்: எழுத்துப்பிழை இருந்தாலும் மதிப்பெண் போச்சு ப்ரோ.

பதில்: ரீடிங்கை லேசாக நினைக்காதீர்கள், 60 நிமிடத்தில் மூன்று நீளமான கட்டுரை. கேள்வியில் உள்ள கூற்றைக் கட்டுரை மறுத்தால் ஃபால்ஸ், அதைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் நாட் கிவன், இதில்தான் பாதிப்பேர் சறுக்குவார்கள்.

நானும் அதில் சறுக்கியிருக்கிறேன். நன்றி.