மார்க் மேரன்: பூனைக் கதையைத் தள்ளிவிட்டுக் கேட்கலாமா?

அமெரிக்க காமெடியன் மார்க் மேரன் 2025 அக்டோபர் 13-ஆம் தேதியோடு ‘டபிள்யூ.டி.எஃப்.’ என்ற தன் பேட்டி பாட்காஸ்ட்டை (இணையத்தில் வரும் ஒலி நிகழ்ச்சி) முடித்துக்கொண்டார். 2009 செப்டம்பரில் ஆரம்பித்தது. வாரத்துக்கு இரண்டு, திங்களும் வியாழனும். மொத்தம் 1,686 எபிசோடு. நம்மில் பலர் ரயிலிலும், பாத்திரம் கழுவும்போதும், தூக்கம் வராத ராத்திரியிலும் இவரைக் கேட்டிருக்கிறோம். யாருக்கு எப்படி அறிமுகம், எது மனதில் நின்றது, எழுதுங்கள்.

நான் வந்தது ஊர் உலகமே வந்த வழி: 2015 ஜூன், ஒபாமா எபிசோடு. பதவியில் இருக்கும் அதிபர் லாஸ் ஏஞ்சல்ஸ் ஹைலேண்ட் பார்க்கில் ஒரு காமெடியன் வீட்டு கராஜுக்கு வந்து மைக் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக் கூரையில் துப்பாக்கியோடு காவல். சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பினத்தவர் தேவாலயத்தில் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நிறவெறியைப் பற்றிப் பேசும்போது அதிபர் சொன்ன, கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சிகள் ஓட்டு ஓட்டென்று ஓட்டின. எனக்கு நினைவிருப்பது வேறு. கராஜ் முழுக்க மேரனின் படங்களாகவே இருப்பதை ஒபாமா நைசாகக் கிண்டலடிப்பார். இவர் நெளிவது நம் காதிலேயே கேட்கும்.

அப்புறம் பழைய எபிசோடுகளுக்குப் போனேன். அங்கேதான் சிக்கல். விருந்தினர் வருவதற்கு முன் பத்து, பதினைந்து நிமிடம் இவர் தன் கதையையே பேசுகிறார். பூனைக்கு உடம்பு சரியில்லை, அப்பாவோடு மனஸ்தாபம், முன்னாள் மனைவி, காபி விளம்பரம், மறுபடியும் பூனை. நான் அதைத் தள்ளிவிட்டு நேரே பேட்டிக்குப் போய்விடுவேன். நீங்கள் எப்படி?

*

தள்ளாதீர்கள் சார். அதுதான் சரக்கு.

நான் இருப்பது நியூ ஜெர்சியில், ஜெர்சி சிட்டியில். மேரன் 1963-ல் பிறந்தது இங்கேதான், அதனால் எங்கள் ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடுவேன். வளர்ந்ததென்னவோ நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில். அப்பா எலும்பு டாக்டர். மகன் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போய் ‘காமெடி ஸ்டோர்’ கிளப்பில் வாசல்காரனாக நின்றார். அங்கே காமெடியன் சாம் கினிசன் கூட்டத்தோடு சேர்ந்து கொக்கெயினில் விழுந்து, மனம் பேதலிக்கிற அளவுக்குப் போய், ஊரை விட்டே கிளம்பினார். குடியும் போதையும் முழுதாக நின்றது 1999-ல்.

இத்தனைக்கும் ஆள் சும்மா இருக்கவில்லை. கோனன் ஓ’பிரையனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நாற்பது தடவைக்கு மேல் வந்தார். ஆனாலும் பெரிய ஆளாகவில்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே போனார்கள். இவர் வயிறெரிந்தார். அதை மறைக்கவும் இல்லை. 1995-ல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸ் கூப்பிட்டுப் பேசினார், எடுத்துக்கொள்ளவில்லை. மேசையில் இருந்த மிட்டாயை எடுத்து வாயில் போட்டதுதான் கெடுத்துவிட்டது என்று இருபது வருடம் மருகினார் மனுஷன்! அந்த நிகழ்ச்சியில் வேலை பார்த்த யார் பேட்டிக்கு வந்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பார். 2015-ல் லோர்ன் மைக்கேல்ஸே பேட்டிக்குச் சம்மதித்தார். அவரிடமும் மிட்டாய்க் கதையைக் கேட்டுவிட்டார். அந்தப் பக்கம் அதெல்லாம் ஒரு விஷயமாகவே இருந்திருக்கவில்லை.

பாட்காஸ்ட் பிறந்த கதை இன்னும் அழகு. ‘ஏர் அமெரிக்கா’ வானொலியில் இவருடைய நிகழ்ச்சி 2009-ல் நிறுத்தப்பட்டது. இரண்டாவது கல்யாணமும் அதற்கு முன்பே முறிந்திருந்தது. கையில் காசில்லை. ஆனால் வானொலி அலுவலகத்தின் நுழைவு அட்டையை யாரும் திருப்பி வாங்கவில்லை. இவரும் தயாரிப்பாளர் பிரெண்டன் மெக்டொனால்டும் அலுவலகம் காலியான பிறகு உள்ளே போய் அதே ஸ்டூடியோவில் முதல் எபிசோடுகளைப் பதிவு செய்தார்கள். நிகழ்ச்சியை நிறுத்திய இடத்திலேயே!

இவரிடம் வருகிறவர்கள் வேறு எங்கும் பேசாததைப் பேசினார்கள் என்றால், அது கேள்வியின் சாமர்த்தியம் இல்லை. முதலில் தன் அழுக்கு மூட்டையை அவிழ்த்து நடுவில் வைத்துவிடுகிறார். எதிரில் இருப்பவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கௌரவமாக எத்தனை நேரம் உட்கார முடியும்? அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தள்ளினால், பேட்டியில் அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பதே பிடிபடாது.

*

நேரில் பார்த்த ஒருத்தியின் சாட்சி. லாஸ் ஏஞ்சல்ஸ் ‘காமெடி ஸ்டோர்’, சன்செட் பொலிவார்ட். வெளிச்சுவர் முழுக்கக் கறுப்பு, அதில் வெள்ளை எழுத்தில் அங்கே ஆடிய கலைஞர்களின் பெயர்கள். மேரன் ஸ்டூலை இழுத்துப் போட்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தார். வெடிச் சிரிப்பெல்லாம் இல்லை. ஒரு விஷயத்தை எடுப்பார், பாதியில் விட்டு வேறொன்றுக்குத் தாவுவார், கூட்டம் சிரிக்காவிட்டால் அதைப் பற்றியே புலம்புவார். புலம்பலுக்குத்தான் கைதட்டல் அதிகம். எனக்கு முன்னால் இருந்த ஜோடி எழுந்தே போய்விட்டது. அவர்கள் மேல் தப்பும் சொல்ல முடியாது. ஜோக் கேட்க வந்தவர்களுக்கு இது கொஞ்சம் நீர்த்த குழம்பு.

ஆனால் 2023-ல் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் வந்த அவருடைய மேடை நிகழ்ச்சி ‘ஃப்ரம் ப்ளீக் டு டார்க்’ பாருங்கள். அதே புலம்பல் அங்கே கூர் தீட்டப்பட்டிருக்கும். ஏன் என்று அடுத்து யாராவது எழுதுவார்கள்.

*

நான் எழுதுகிறேன். அந்தக் கூர்மைக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 2020 மே, ஊரடங்கு. இயக்குநர் லின் ஷெல்டன் அப்போது மேரனின் துணைவி, அவரோடு ஒரே வீட்டில் இருந்தார். காய்ச்சல் என்று ஆரம்பித்தது, யாருக்கும் தெரியாமல் உள்ளே ரத்தப் புற்றுநோய் இருந்திருக்கிறது. மே 16-ஆம் தேதி இறந்துபோனார். வயது 54. மே 18 திங்கட்கிழமை. எபிசோடு இருக்காது என்றுதான் நினைத்தேன். இருந்தது.

அன்றைக்கு விருந்தினர் இல்லை. மேரன் மூச்சு வாங்கி, நிறுத்தி, அழுது, மறுபடி பேசினார். வெட்டி ஒட்டிச் சீராக்கிய பேச்சு இல்லை அது. பிறகு 2015-ல் லின் ஷெல்டனோடு அவர் செய்த பேட்டியை அப்படியே மறுபடி போட்டார். இரண்டு பேருக்கும் பழக்கம் இல்லாத நாளில் எடுத்த பேட்டி. இவர் சொன்ன எதற்கோ அந்த அம்மா சிரிக்கிற சத்தம் வந்தபோது நான் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டிலும் அந்த வருடம் ஒரு சாவு. முறைப்படி அழக்கூட ஆள் கூடவில்லை. ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெரியம்மா வேறு ஊரில் மாட்டிக்கொண்டார். முன்பின் தெரியாத ஒரு அமெரிக்கக்காரர் இரண்டே நாளில் ஊருக்கு முன்னால் உட்கார்ந்து அழுததைக் கேட்டது எனக்கு உதவியது. மேலே கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: அன்று முன்பகுதியைத் தள்ளியிருந்தால் எனக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

*

ஒரு சின்ன சேர்க்கை. நடிகரும் காமெடியனுமான ராபின் வில்லியம்ஸ் பேட்டி 2010-ல் வந்தது. குடியைப் பற்றி, மனச்சோர்வைப் பற்றி, சாவைப் பற்றிக்கூட அவர் குரல் மாற்றாமல், வேஷம் போடாமல் பேசியிருப்பார். 2014-ல் அவர் இறந்தபோது மேரன் அதை மறுபடி வெளியிட்டார். 2022-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

ஆனால் புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். காமெடியன் கார்லோஸ் மென்சியாவிலிருந்து ஆரம்பியுங்கள், அதுவும் 2010. பிறருடைய ஜோக்குகளை எடுத்துக்கொள்கிறார் என்று மென்சியா மேல் குற்றச்சாட்டு இருந்தது. முதல் பேட்டியில் மனிதர் இனிக்க இனிக்கப் பேசிவிட்டுப் போனார். மேரனுக்கு உறுத்தல். மற்ற காமெடியன்களைக் கூப்பிட்டு மைக்கில் விசாரித்தார். பிறகு மென்சியாவையே திரும்ப வரவழைத்து நேருக்கு நேர் கேட்டார். இரண்டையும் வரிசையாகக் கேளுங்கள். முதலாவதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான்.