புதுப்பிப்பு: பெந்தர் கோட்டைக்குப் போய்விட்டு வந்தாச்சு

மால்டோவாவின் தலைநகர் கிஷினாவிலிருந்து பெந்தர் கோட்டையை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா, எல்லையில் சிக்கல் வருமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தாராளமாகப் போகலாம்.

சுமார் 60 கிலோமீட்டர், வேன் பயணம். பெந்தர் இருப்பது, மால்டோவாவிலிருந்து பிரிந்து தனி நாடு என்று சொல்லிக்கொள்ளும் டிரான்ஸ்னிஸ்திரியாவின் கட்டுப்பாட்டில். சோதனைச் சாவடியில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு துண்டுச்சீட்டு தருவார்கள், திரும்பும்வரை பத்திரம். அங்கே பணமும் தனி, அவர்களுடைய ரூபிள். நம்ம கார்டு வேலை செய்யாது, ரொக்கம் கட்டாயம்.

கோட்டை நீஸ்டர் ஆற்றின் மேற்குக் கரையில். 1538-இல் ஒட்டோமான் சுல்தான் சுலைமான், அப்போது இங்கிருந்த மால்டேவியா சிற்றரசை அடக்கியபின் கட்டவைத்தது. வடிவமைத்தவர் புகழ்பெற்ற ஒட்டோமான் கட்டடக் கலைஞர் சினான் என்கிறார்கள். மதில்மேல் ஏறி நின்றால் இங்கே ஏன் கட்டினார்கள் என்று சட்டென்று புரிகிறது: ஆற்றைக் கடக்க வரும் எவனும் பீரங்கிக்குத் தப்ப முடியாது. மதில் புத்தம்புதுசாக மினுங்குகிறது, புதுப்பித்ததில் கொஞ்சம் ஓவர்தான்.

எனக்குப் பிடித்தது சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் கதை. 1709-இல் பொல்தாவாவில் ரஷ்யாவிடம் தோற்று ஓடிவந்தவர், பெந்தர் பக்கத்தில் சுல்தானின் விருந்தாளியாக வருஷக்கணக்கில் தங்கிவிட்டார். கிளம்பச் சொன்னாலும் கிளம்பவில்லை. கடைசியில் 1713 பிப்ரவரியில், பக்கத்து ஊரான வர்னித்சாவில், சில டஜன் ஆட்களோடு ஒட்டோமான் படையையே எதிர்த்துச் சண்டை போட்டுப் பிடிபட்டார். விருந்தாளி என்றால் இப்படியா!

நேரமிருந்தால் பெந்தரிலிருந்து 19-ஆம் எண் டிராலிபஸ்ஸில் (மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பஸ்) டிரான்ஸ்னிஸ்திரியாவின் தலைநகர் திராஸ்போல் போகலாம். பாலத்தில் ஆறு நன்றாகத் தெரியும்.