ரோகுரோனியமும் கிலோ கணக்கும்: தொடரும் விவாதம்

குறுக்குக்கேள்வி: நேற்று கத்திமுனை இங்கே எழுதியது: "அறுவைக்கு மயக்கம் கொடுக்கும்போது தசைத்தளர்வு மருந்தை உடல் எடை பார்த்துக் கிலோ கணக்கில்தான் போடுகிறோம். அதிலேயே ஆண், பெண் வித்தியாசம் அடிபட்டுவிடும்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே எடையுள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் ரோகுரோனியம் என்ற தசைத்தளர்வு மருந்தைக் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் கொடுங்கள். பொதுவாகப் பெண்ணுக்குச் சீக்கிரம் பிடிக்கும், விடுவதற்கு நேரமாகும். அதே தளர்வுக்குப் பெண்களுக்குச் சுமார் 30 சதவீதம் குறைவாகவே போதும் என்று 1990களிலேயே ஆய்வு வந்துவிட்டது.

கத்திமுனை: அது பாலினம் இல்லை, உடல்வாகு. தசை முறுக்கேறிய விளையாட்டு வீராங்கனைக்கு உங்கள் 30 சதவீதம் பொருந்துமா?

குறுக்குக்கேள்வி: வீராங்கனையை விடுங்கள். நீங்கள் சொன்ன கிலோவுக்குள் என்ன இருக்கிறது? ரோகுரோனியம் நீரில் கரைகிற மருந்து, கொழுப்புக்குள் அதிகம் போகாது. பெண் உடலில் சராசரியாகக் கொழுப்பு விகிதம் கூடுதல். தசையும் செல்லுக்கு வெளியே உள்ள நீரும் குறைவு. எடை பார்த்துப் போட்ட மருந்து சின்ன இடத்தில் பரவினால் செறிவு ஏறத்தானே செய்யும்? கிலோ இதை எங்கே அடித்தது?

கத்திமுனை: நானும் உடல்வாகு என்றுதானே சொன்னேன்! சண்டைக்கென்றே வருகிறீர்கள். போன மாதம் சக்சினைல்கோலின் என்ற இன்னொரு தளர்வு மருந்து பற்றிய விவாதத்திலும் இதே கதைதான்.

குறுக்குக்கேள்வி: அன்று என்னைப் "புத்தகப் பூச்சி" என்றீர்கள், மறக்கவில்லை. கிலோவுக்குப் பதில் சொல்லுங்கள்.

நான்குதுடிப்பு: தளர்வு விட்டுவிட்டதா என்று இரண்டு பேருமே கடைசியில் அளவி வைத்து அளக்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள். மணிக்கட்டில் உல்னார் நரம்பின் மேல் அரை விநாடிக்கு ஒன்றாக நான்கு மின் துடிப்பு. கட்டைவிரலின் நான்காவது அசைவு முதலாவதில் 0.9 பங்காவது வந்த பிறகுதான் மூச்சுக்கு வைத்த குழாயை எடுக்க வேண்டும். விகிதம் 0.4ஐத் தாண்டினாலே வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. "தலையைத் தூக்கினார், கையை இறுக்கினார், போதும்" என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கத்திமுனை: பார்த்தீர்களா, அளவி இருந்தால் ஆண், பெண் பேச்சே வேண்டாம்.

குறுக்குக்கேள்வி: அளவி கடைசியில் சொல்லும். முதல் ஊசியை எதை வைத்துப் போடுவீர்கள்? மறுபடி அதே கிலோவா? குறைந்த நேர அறுவையில் பெண் நோயாளிக்குத் தளர்வு மிச்சம் நின்றால் மேல் மூச்சுப்பாதை அடைபடும், விழுங்குவதே சிரமமாகும். அந்த 30 சதவீதம் அங்கேதான் உயிர்ப் பிரச்சினை.

விழிப்பு: தளர்வை முறிக்கச் சுகமாடெக்ஸ் மருந்து இருக்கிறதே, எதற்கு இத்தனை கூச்சல்?

நான்குதுடிப்பு: அதிலும் பெண்களிடம் சொல்ல வேண்டியது உண்டு. ஹார்மோன் கருத்தடை எடுப்பவர்கள் அடுத்த 7 நாளுக்கு ஹார்மோன் இல்லாத வேறு தடுப்பையும் சேர்க்க வேண்டும். உங்கள் நோயாளிகளிடம் எப்போதாவது சொன்னதுண்டா?

விழிப்பு: அது வார்டில் இருப்பவர்களின் வேலை.

நான்குதுடிப்பு: மருந்து போட்டது நீங்கள், சொல்வது வார்டா? நல்ல நியாயம்!

கத்திமுனை: இது ரோகுரோனியம் பற்றிய விவாதம். கருத்தடைக்குத் தனியாக ஆரம்பியுங்கள்.

குறுக்குக்கேள்வி: பேச்சை மாற்றாதீர்கள் கத்திமுனை. அறுபது கிலோ ஆண், அறுபது கிலோ பெண். இருவருக்கும் ஒரே ஊசியா, இல்லையா?

கத்திமுனை: பரீட்சை எழுத நான் இங்கே வரவில்லை.