வறுத்த ஊலாங் டீ: கருகலும் துவர்ப்பும் எதனால்?

கேள்வி (கிருஷ்ணகிரி)
நல்லா வறுத்த டாங் டிங் ஊலாங் (தைவான் டீ, பச்சை டீக்கும் கறுப்பு டீக்கும் நடுவுல உள்ள வகை) இலை இருக்கு. 2 டீஸ்பூன் இலை, 300 மில்லி போர் தண்ணீர், கொதிக்கக் கொதிக்க ஊத்தி 5 நிமிஷம். பால், சர்க்கரை கிடையாது. முதல் மடக்குலயே கருகல், அப்புறம் நாக்கை இழுக்கிற துவர்ப்பு. ஆறினா மேலே மெல்லிசா ஏடு கட்டுது. 80 டிகிரில போட்டா கசப்பு போகுது, வாசமும் கூடவே போயிடுது. எதை மாத்தணும்?

பதில் 1 (ஓசூர்)
சூட்டைக் குறைக்காதீங்க, நேரத்தைக் குறைங்க. உருண்டையா சுருட்டி வறுத்த இலை விரியறதுக்கே கொதிநீர் வேணும். 80-ல் அது பாதி மூடியே கிடக்கும், அதனாலதான் வாசம் வரலை. நம்ம உயரத்துல தண்ணி 100 டிகிரியில கொதிக்கறதும் இல்லை. உங்க ஊர்ல 98 சொச்சம், ஓசூர்ல 97. கொதி வந்த உடனே ஊத்துங்க.

பாத்திரத்தைச் சின்னதாக்குங்க. 100 மில்லி பீங்கான் கிண்ணம், 5 கிராம் இலை. கிண்ணத்தை முதல்ல வெந்நீர் ஊத்திச் சூடாக்கணும். இலை போட்டு, கொதிநீர் ஊத்தி, 5 விநாடியில அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. இலைத்தூளும் மேலோட்டமான கருகலும் அதோட போகும். அப்புறம் 25 விநாடி மூடி வெச்சு, சொட்டு விடாம வடிங்க. அடியில தேங்குற தண்ணிதான், அதே இலைக்கு ஊத்துற அடுத்த ஊற்றலைக் கசக்க வைக்குது. இரண்டாவது 20 விநாடி (இலை விரிஞ்சிருக்கும், அதனால குறைவு), மூணாவது 30, பிறகு ஒவ்வொண்ணுக்கும் 15 கூட்டுங்க. ஆறேழு தடவை தாங்கும். முதல்ல வறுத்த ராகி மாதிரி வாசம், மூணாவதுக்கு மேல வெல்லப்பாகு மாதிரி இனிப்பு தொண்டையில நிக்கும்.

ஸ்பூன் கணக்கு வேண்டாம். 2 ஸ்பூன் உருண்டை இலையும், சீனாவோட வூயி மலை ஊலாங் மாதிரி நீளமா முறுக்கின 2 ஸ்பூன் இலையும் எடையில ஒண்ணே இல்லை. சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

பதில் 2 (பென்னாகரம்)
அந்த ஏடு தண்ணியோட வேலைங்க. போர் தண்ணியில இருக்கிற கால்சியமும் பைகார்பனேட்டும் டீயோட பாலிபீனாலை (துவர்ப்பு தர்ற பொருள்) பிடிச்சு மேல படலமா நிக்குது. நிறம் மங்கும், வாசம் அமுங்கும்.

இதைவிட முக்கியமா ஒண்ணு. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீர்லயும் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதுக்காகத்தான். தேயிலைச் செடியும் ஃபுளோரைடை இலையில சேர்த்து வைக்கும், முத்தின இலையில இன்னும் கூட. ஊலாங்குக்குப் பறிக்கறது ஓரளவு முத்தின இலை. அதனால போர் தண்ணியில தினமும் நாலஞ்சு கிண்ணம் வேண்டவே வேண்டாம். கொதிக்க வெச்சா ஃபுளோரைடு போகாது.

கேட்டவர்
ஆர்.ஓ. தண்ணி இருக்கு, டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்ச உப்புகளோட அளவு) 20 காட்டுது. அப்படியே போடலாமா?

பதில் 2 (பென்னாகரம்)
குடிக்கலாம், ஆனா சப்புன்னு இருக்கும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா கலந்து 60லிருந்து 100க்குள்ள கொண்டு வாங்க. போர் தண்ணி கலக்காதீங்க.

பதில் 3 (தருமபுரி)
மேலே சொன்னதெல்லாம் செஞ்சும் கருகல் போகலைன்னா, நாலாவது ஊற்றலுக்கு அப்புறம் இலையைத் தட்டுல பரப்பிப் பாருங்க. தோல் மாதிரி வளைஞ்சு விரிஞ்சா வறுவல் சரி. கரி மாதிரி சுருண்டே கிடந்து, விரல்ல நொறுங்கினா இலையையே எரிச்சிருக்காங்க. மட்டமான இலையை மறைக்க அப்படிச் செய்யறது உண்டு. எப்படிப் போட்டாலும் அது தேறாது.

இலை நல்லா விரிஞ்சும் நெருப்பு வாசம் மட்டும் தூக்கலா இருந்தா, வறுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். காத்துப் புகாத டப்பாவுல ஒண்ணு, ரெண்டு மாசம் வெச்சா அடங்கும். மசாலா அலமாரி பக்கம் மட்டும் வைக்காதீங்க, சோம்பு வாசத்தை ஒரே வாரத்துல இழுத்துக்கும்.