உதவி: ‘பேக்லிங்க்’ என்பதற்கு வியாழக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கயல், காரைக்குடி
திங்கள், இரவு 9:10

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் சனி, ஞாயிறு இங்கே சிறு வணிகர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். கடையின் பெயர் கூகுளில் மேலே வர என்ன செய்யலாம் என்பதுதான் பாடம். ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்கள், பலகாரம் செய்கிறவர்கள், கண்டாங்கி நெசவுக்காரர்கள் வருகிறார்கள். தமிழில் சின்னக் கையேடு ஒன்று தயாராகிறது. வியாழன் மாலை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, ‘பேக்லிங்க்’ வருகிற பக்கத்தில்தான் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

பொருள் இதுதான். சென்னையில் ஒரு கட்டடக் கலைஞர் தாம் கட்டிய வீட்டின் தரையைப் படமெடுத்துத் தம் தளத்தில் போடுகிறார். ‘கல் வாங்கிய இடம்’ என்று எங்கள் ஊர்ப் பட்டறையின் தளத்துக்கு இணைப்பும் கொடுக்கிறார். பட்டறைக்காரருக்கு அது பேக்லிங்க். உள்ளூர்க் கடைகளை வரிசைப்படுத்தும்போது பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பெயர் பெற்றது என்ற மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. மூன்றாவதில் இந்த இணைப்புகளும் சேர்த்தி.

இப்போதைக்குப் ‘பின்னிணைப்பு’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

பழநி
திங்கள், இரவு 9:32

கயல், பின்னிணைப்பு என்றால் புத்தகத்தின் கடைசியில் வருவது. உங்கள் கையேட்டிலேயே ஒன்று இருக்குமே? ‘தரமான பின்னிணைப்புகளைப் பெருக்குங்கள்’ என்று படித்துவிட்டு யாராவது விலைப்பட்டியலுக்குப் பின்னால் தாள் தாளாக ஒட்டிக்கொண்டு போவார்.

கயல்
திங்கள், இரவு 9:40

அடக் கடவுளே, இருக்கிறது. கடைசிப் பக்கமே பின்னிணைப்புதான். அப்படியானால் ‘பின்தொடுப்பு’?

பழநி
திங்கள், இரவு 9:44

வகுப்பில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ‘அண்ணே, உங்களுக்கு எத்தனை தொடுப்பு இருக்கு?’ அவர் வீட்டுக்காரம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வகுப்பு அன்றோடு முடிந்தது.

செழியன்
செவ்வாய், காலை 5:55

‘பின்’ என்பதை முதலில் விட்டொழிப்போம். ஆங்கிலத்தில் முதுகு இருப்பதால் நமக்கும் முதுகு வேண்டுமா?

நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது: சுட்டி. வலைப்பதிவர்கள் எழுதிப் பழகிய சொல்தான். ‘அ இ உ அம் மூன்றும் சுட்டு’ என்று தொல்காப்பியம் நூன்மரபிலேயே அடித்தளம் போட்டுவிட்டது. அகச்சுட்டு, புறச்சுட்டு என்ற பாகுபாடும் கையில் இருக்கிறது. ‘அவன்’ என்பதிலிருந்து அகரத்தைப் பிரிக்க முடியாது, அது அகச்சுட்டு. ‘அவ்வீடு’ என்பதில் பிரிக்கலாம், அது புறச்சுட்டு. ஒரே தளத்துக்குள் பக்கத்துக்குப் பக்கம் போவது அகச்சுட்டி. தளம் விட்டுத் தளம் போவது புறச்சுட்டி. இதைவிட என்ன வேண்டும்?

வேரையும் பாருங்கள். சுடு என்பது எரிதல். எரிவது ஒளி தரும், ஒளி பொருளைக் காட்டும், காட்டுவது சுட்டுதல். சுடர், சுட்டு, சுட்டி எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. சுண்ணாம்பும் இதில் வரும், சுட்டு எடுப்பதால். அதைத் தனியாக எழுதுகிறேன்.

பழநி
செவ்வாய், காலை 8:20

சுண்ணாம்பை அப்புறம் பார்ப்போம் ஐயா. ‘மவுஸ்’க்கும் பலர் சுட்டி என்றுதான் எழுதுகிறார்கள். ‘சுட்டியால் சுட்டியைச் சொடுக்கவும்’ என்று நான் ஒருமுறை மொழிபெயர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். போதாததற்கு, ‘சுட்டது’ என்றால் நம் ஊரில் திருடியது.

இன்னொன்று. உங்கள் புறச்சுட்டியில் திசை தெரியவில்லை. நான் கொடுத்ததும் புறச்சுட்டி, எனக்கு வந்ததும் புறச்சுட்டி. கயலுக்கு வேண்டியது வந்தது மட்டும்.

சுகந்தி, யாழ்ப்பாணம்
செவ்வாய், காலை 10:05

அன்பின் செழியன் அண்ணை,

உகரச் சுட்டை நீங்கள் புத்தகத்தில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். எங்களுக்கு அது இன்னும் வீட்டில் இருக்கிறது. கேட்பவர் பக்கத்தில் இருப்பது உது, அவரிடம் இருப்பவன் உவன், அவர் நிற்கும் இடம் உங்கை. என் தளத்துக்குள் இருப்பது இ, நான் வெளியே காட்டுவது அ, உங்கள் பக்கமிருந்து என்னைக் காட்டுவது உ. திசை தெரியவில்லை என்று பழநி கேட்டதற்கு இதுதான் பதில். அந்த மூன்றாவதைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

செழியன்
செவ்வாய், காலை 10:11

தங்கச்சி, அருமை! உச்சுட்டி!

பழநி
செவ்வாய், காலை 10:13

தும்மல் மாதிரி இருக்கிறது.

புலவர் ஐயா
செவ்வாய், மாலை 4:30

அன்பர்களே, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். பெயரும் வைத்திருக்கிறார்கள்: ஆற்றுப்படை.

வள்ளலிடம் பரிசில் பெற்று வரும் பாணன் வழியில் வறியவன் ஒருவனைக் காண்கிறான். ‘நான் பெற்றேன், நீயும் போ, வழி இது’ என்கிறான். ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்பது தொல்காப்பியம். கட்டடக் கலைஞர் செய்ததும் இதுவேயன்றோ? நல்ல கல் கிடைத்தது, மற்றவர்க்கு வழி சொன்னார்.

எது தரமான இணைப்பு என்பதற்கும் விடை இதில் உண்டு. பாணனைப் பாணனும் கூத்தனைக் கூத்தனும் ஆற்றுப்படுத்துவர். இன்னாரை இன்னார் என்ற பொருத்தம் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் வள்ளல் நல்லியக்கோடனிடம் போகச் சொல்பவன் வெறுமனே ‘போ’ என்று சொல்லவில்லை. எயிற்பட்டினத்தில் இன்னது உண்ணலாம், வேலூரில் இன்னது, ஆமூரில் இன்னது என்று விரித்துச் சொல்லிக் கிடங்கில் வரை கொண்டுபோய் விடுகிறான். ‘இங்கே சொடுக்கவும்’ என்று மொட்டையாகப் போடும் இணைப்புக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை வகுப்பில் காட்டலாம்.

ஆகவே ‘ஆற்றுப்படை இணைப்பு’. சுருக்கி ‘ஆற்றிணைப்பு’ எனினும் ஆம்.

பழநி
செவ்வாய், மாலை 5:02

ஐயா, உவமை பிரமாதம், மறுக்கவில்லை. இரண்டு சந்தேகம்.

ஒன்று, ஆற்றிணைப்பு என்று போட்டால் காவிரியையும் வைகையையும் இணைக்கும் திட்டம் என்று நினைப்பார்கள்.

இரண்டு, பாணன் பரிசில் வாங்கியவன். யானையும் பொற்றாமரையும் வாங்கிக்கொண்டு வந்து ‘அந்தக் கடை நல்ல கடை’ என்றால், கூகுள் கணக்கில் அது காசு வாங்கிப் போட்ட இணைப்பு. அப்படிப்பட்டவற்றில் ‘ஸ்பான்சர்டு’ என்று குறிக்க 2019 முதல் தனிக் குறியே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கு அந்தக் குறி போட வேண்டி வரும்.

புலவர் ஐயா
செவ்வாய், மாலை 5:40

நான்கு. திருமுருகாற்றுப்படையில் தருபவன் முருகன். அங்கே குறி போட எவர்க்கும் உரிமை இல்லை.

பரிசில் வாங்கியது பாடியதற்காக. வழி சொன்னது தன் போன்றவன் மேல் கொண்ட இரக்கத்தால். ‘போய் எனக்கு நான்கு பேரை அனுப்பு’ என்று நல்லியக்கோடன் சொல்லி அனுப்பியதாக எங்கும் இல்லை.

கயல்
செவ்வாய், இரவு 8:15

சண்டை நடக்கட்டும், ஆனால் இந்தக் காசு விஷயம்தான் எனக்கு நிஜத் தலைவலி. போன வருடம் ஒருவர் வந்து (யாரென்று வேண்டாம்) எங்கள் தெருவில் மூன்று கடைக்கு ‘ஐந்நூறு பேக்லிங்க் போட்டுத் தருகிறேன்’ என்று பணம் வாங்கிப் போனார். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் ‘லிங்க்ஸ்’ பகுதியைத் திறந்து பார்த்தேன். அது இலவசம்தான், அவரவர் தளத்துக்கு அவரவர் பார்க்கலாம். பெயர் வாயில் நுழையாத தளங்கள், எந்த நாட்டுக் குப்பைப் பட்டியல்களோ. முறுக்குக் கடைக்கும் சூதாட்டத் தளத்துக்கும் என்ன உறவு? இப்படி விலைக்கு வாங்கிக் குவித்தவற்றின் மேல் கூகுள் 2012இல் ‘பெங்குயின்’ என்று ஒரு வடிகட்டியை ஏவியது. இன்றைக்கும் அவை விதிமீறல்தான். அதனால் என் சொல்லில் ‘பிறர் தாமாகக் கொடுத்தது’ என்ற வாடை இருக்க வேண்டும்.

பழநி
செவ்வாய், இரவு 9:50

‘பேக்’ ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். வலையில் இணைப்பு ஒருவழிப் பாதை. நான் உங்களைக் காட்டினால் அது என் பக்கத்தில்தான் எழுதியிருக்கும், உங்களுக்குத் தெரியாது. உங்களை யார் யார் காட்டுகிறார்கள் என்று அறிய வலை முழுவதையும் படித்துவிட்டுத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் அதைத்தான் செய்தார்கள். கூகுள் என்ற பெயர் வருவதற்கு முன் 1996இல் அந்த ஆய்வுக்குப் பெயர் ‘பேக்ரப்’, அதாவது முதுகு தேய்த்துவிடுதல். ஆங்கிலக்காரனே கேலியாக வைத்த முதுகு அது.

தமிழ் விக்கிப்பீடியாவில் ‘இப்பக்கத்தை இணைத்தவை’ என்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். யார் செய்த மொழிபெயர்ப்போ, ஒரு சொல்லாக்காமல் ஒரு தொடராகவே விட்டுவிட்டார். படிக்கிறவனுக்குப் புரிகிறது. என் வாக்கு: ‘பேக்லிங்க்’ என்று தமிழ் எழுத்தில் எழுதி, கீழே ஒரு வரி விளக்கம். முடிந்தது கதை.

செழியன்
புதன், காலை 5:40

இப்படித்தான் ஒவ்வொரு சொல்லாக விட்டுக்கொடுத்தோம். ‘பின்னூட்டம்’ வந்தபோதும் சிரித்தார்கள். பின்னால் ஊட்டுவதா என்று கேட்டார்கள். இன்று சிரித்தவர்களே எழுதுகிறார்கள்.

கயல்
புதன், பிற்பகல் 2:20

இன்று காலை ஆத்தங்குடி போயிருந்தேன். வகுப்புக்கு வரும் பட்டறைக்கார மாமா ஒருவர் கல் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சில்லின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் சாயக் கலவை. அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே நிற்கிறது. மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்திக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டார். எல்லாச் சொல்லையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். உச்சுட்டிக்கு நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். ஆற்றுப்படைக்கு ‘போலீஸா?’ என்றார். பொருளை விளக்கினேன்.

‘அட, வரவுன்னு சொல்லேன். அவன் நம்மளக் காட்டுனா நமக்கு வரவு. நாம இன்னொருத்தனக் காட்டுனா செலவு. பேரேட்டுல ரெண்டு பக்கம்’ என்றார். அதற்குள் நேற்றுத் தண்ணீரில் போட்ட கல்லை எடுத்துக் கண்ணாடியை உரித்துக் காட்டினார். முகம் பார்க்கலாம் போல இருந்தது, மெருகே போடவில்லை.

வரவு இணைப்பு, செலவு இணைப்பு. என்ன சொல்கிறீர்கள்? நாளைக்கு அச்சு.

புலவர் ஐயா
புதன், பிற்பகல் 3:05

செலவு என்றாலே செல்லுதல்தான். தலைவன் புறப்பட மனமின்றித் தயங்குவதைச் ‘செலவழுங்கல்’ என்பர். காசு போவதற்கு அது பிற்காலத்தில் ஆகி வந்தது. வரவு வருதல், செலவு செல்லுதல். அம்மனிதர் அறியாமலே பழம்பொருளைத் தொட்டுவிட்டார். எனினும் ஆற்றுப்படையின் நெஞ்சம் இதில் இல்லை. பரிந்துரை எங்கே?

சுகந்தி
புதன், பிற்பகல் 3:30

எனக்குக் கொஞ்சம் பயம். செலவு என்று சொன்னால் ஆட்கள் மற்றவருக்கு இணைப்புக் கொடுக்க மாட்டார்கள், கைக்காசு போவது மாதிரி இருக்கும். பக்கத்து ஊர் நெசவுக்காரரைக் காட்டுவதால் கல் பட்டறைக்கு ஒரு நட்டமும் இல்லையே. வரவு என்றால் எண்ணிக்கை கூடக் கூட நல்லது என்றும் வரும். அந்த ஐந்நூறு விற்றவருக்கு இந்தச் சொல் நல்லாப் பிடிக்கும்.

பழநி
புதன், மாலை 6:10

சுகந்தி சொல்வது சரி. ஆனாலும் வரவிலும் செல்லாத நோட்டு உண்டு என்று சொன்னால் வியாபாரிக்குச் சட்டென்று புரியும். பேரேடு வைத்திருப்பவர்களுக்கு நடத்தும் வகுப்பு. வரவு இணைப்புக்கு என் வாக்கு. செலவை விட்டுவிடுங்கள், ‘வெளி இணைப்பு’ ஏற்கெனவே இருக்கிறது.

செழியன்
புதன், இரவு 9:00

‘வரவு இணைப்பு’ என்று பிரித்து எழுதக் கூடாது. வரவிணைப்பு. ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்பது நன்னூல். வரவு என்பதன் ஈறு முற்றியலுகரமாயினும் உயிர் வந்தால் கெடும். என் வாக்கு சுட்டிக்கே. நீங்கள் தோற்பதென்று முடிவு செய்துவிட்டால் புணர்ச்சியோடாவது தோற்றுப் போங்கள்.

பழநி
புதன், இரவு 9:08

அச்சகத்தில் அதை ‘வரவினைப்பு’ ஆக்குவார்கள். பந்தயம்?

கயல்
வியாழன், மாலை 5:25

கொடுத்துவிட்டேன். ‘வரவு இணைப்பு’, இடைவெளியோடு. முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘பேக்லிங்க்’. மெய்ப்பில் இரண்டு இடத்தில் ‘வரவினைப்பு’ என்று வந்திருந்தது, அவர்களாகவே சேர்த்துவிட்டார்கள். பழநிக்கு ஒரு டீ கடன். செல்லாத நோட்டு வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். புலவர் ஐயாவின் பாணனுக்குப் பதினோராம் பக்கத்தில் ஒரு பெட்டி.

புலவர் ஐயா
வியாழன், மாலை 6:00

மகிழ்ச்சி. பெட்டிக்குள் அடைத்ததில் உடன்பாடில்லை என்பதையும் குழுமம் பதிவு செய்து கொள்க.

செழியன்
வியாழன், இரவு 8:45

என் மறுப்பும் அவ்வாறே. அதிருக்கட்டும், இணைப்பின் மேல் தெரியும் எழுத்துக்கு, அந்த ‘ஆங்கர் டெக்ஸ்ட்’டுக்கு, என்ன போட்டீர்கள்? நங்கூரம் என்று போட்டிருந்தால் அது பாரசீகச் சொல். அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

கயல்
வியாழன், இரவு 8:50

ஆங்கர் டெக்ஸ்ட் என்றேதான் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை வரை மடலைத் திறக்கமாட்டேன்.