1921ஆம் ஆண்டை ஒரு சுவரில் எப்படி அடுக்குவது?

கேள்வி: நூலகத் தொண்டன்

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் ஏதேனும் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு சுவர்க் கண்காட்சி வைக்கிறது. இந்த முறை 1921. பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இதுவரை திரட்டியது இது:

பிறப்பு: சத்யஜித் ராய் (மே 2), நரசிம்ம ராவ் (ஜூன் 28), ஆர்.கே. லக்ஷ்மண் (அக்டோபர் 24), வர்கீஸ் குரியன் (நவம்பர் 26), தி. ஜானகிராமன்.

இறப்பு: பாரதியார் (செப்டம்பர் 11), ரஷ்யச் சிந்தனையாளர் குரொபோத்கின், இத்தாலியப் பாடகர் கரூசோ.

நிகழ்வு: மதராஸ் வங்கி உட்பட மூன்று வங்கிகள் இணைந்து இம்பீரியல் வங்கி ஆனது, ஹரப்பாவில் தயா ராம் சாஹ்னியின் அகழாய்வு, டொரான்டோவில் இன்சுலின் ஆய்வு, மதுரையில் காந்தியின் அரையாடை.

படித்துப் பார்த்தால் போட்டித் தேர்வுக் கையேடு மாதிரி இருக்கிறது. இதன் முன்னால் யார் நிற்பார்கள்? இன்னொன்று, பாரதியார் மறைந்தது செப்டம்பர் 11 என்றும் 12 என்றும் இரண்டு விதமாகப் பார்க்கிறேன். எதை எழுதுவது?

பதில் 1: பழைய மெய்ப்புத் திருத்துநர்

தம்பி, தேதியை முதலில் முடித்துவிடுவோம். உயிர் பிரிந்தது 11ஆம் தேதி நள்ளிரவு கடந்த பிறகு. ஆங்கிலக் கணக்கில் அது 12. விடிந்தால்தான் மறுநாள் என்பது நம் வழக்கம், அதனால் 11. அரசு மகாகவி நாளாக அறிவித்திருப்பதும் 11தான். ‘செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின்’ என்று எழுதினால் இரு தரப்பும் வாயை மூடிக்கொள்ளும்.

அங்கேயே இன்னொன்றையும் எழுதுங்கள், யானை அவரைக் கொல்லவில்லை. பார்த்தசாரதி கோயில் யானை தள்ளிவிட்டது பல வாரங்களுக்கு முன்பு. அதிலிருந்து தேறி, சுதேசமித்திரன் வேலைக்குத் திரும்பி, ஜூலைக் கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசியும்விட்டு வந்தார். பேச்சின் பொருள் மனிதனுக்கு மரணமில்லை என்பது. ஆறு வாரத்தில் வயிற்றுக்கடுப்பு அவரைக் கொண்டுபோனது. வயது 38. கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு உடன் சென்றவர்கள் மிகச் சிலரே. ஒரு நாளிதழில் பல ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவன் நான். செப்டம்பர் வந்தால் யானையை அடித்து அடித்தே என் சிவப்பு மை தீர்ந்துபோகும்.

இனி உங்கள் பட்டியல். பிறப்பு, இறப்பு, நிகழ்வு என்று மூன்று பெட்டி போடுவதுதான் அதைக் கொல்கிறது. பெட்டிகளைக் கலைத்துவிட்டுத் தேதி வரிசையில் வையுங்கள். செப்டம்பரை மட்டும் அப்படி வைத்துப் பாருங்கள்.

சில மாதங்களாகவே சென்னை கொதித்துக்கொண்டிருக்கிறது. பெரம்பூர்ப் பக்கம் பின்னி ஆலைகளில் மாதக்கணக்காக வேலைநிறுத்தம். தொழிலாளர்களுக்குள்ளேயே சாதிப் பிளவு ஏற்பட்டுப் புளியந்தோப்பில் கலவரம், தீவைப்பு, துப்பாக்கிச் சூடு. தொழிலாளர் தலைவர் திரு.வி.க.வை நாடு கடத்திவிடுவேன் என்று ஆளுநர் வில்லிங்டன் மிரட்டுகிறார். அந்த ஊரில்தான், திருவல்லிக்கேணியில், 11ஆம் தேதி இரவு பாரதி கண் மூடுகிறார்.

14ஆம் தேதி, காந்தியோடு சென்னைக்கு வந்துகொண்டிருந்த மௌலானா முகமது அலியை வால்டேர் (இன்றைய விசாகப்பட்டினம்) ரயில் நிலையத்தில் கைது செய்கிறார்கள். காந்தி அவரில்லாமல் பயணத்தைத் தொடர்கிறார்.

16ஆம் தேதி, பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவை அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் முதல் வகுப்புவாரி அரசாணையை வெளியிடுகிறது. அது நடைமுறையில் உருப்பெற 1920களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் இடஒதுக்கீடு பற்றி இன்று நாம் போடும் சண்டையெல்லாம் அந்தத் தாளில்தான் தொடங்குகிறது. உங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை!

22ஆம் தேதி காலை, மதுரை மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தி அரையாடையோடு வெளியே வருகிறார். கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று ரயிலில் கண்டவர்கள் சொன்ன பதில் அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் அப்போது அறிவித்தார். பிறகு கடைசி வரை அந்த உடைதான். பாடநூல்கள் அந்த அக்டோபர் 31ஐ விட்டுவிடுகின்றன. அதைச் சேர்த்தால்தான் மனிதர் யோசித்து யோசித்து முடிவெடுத்தார் என்பது தெரியும்.

26ஆம் தேதி, பம்பாய்த் துறைமுகத்தில் நிற்கும் நார்குண்டா கப்பலிலிருந்து சி.வி. ராமன் கடலின் நிறம் பற்றி ஒரு குறிப்பு எழுதி அனுப்புகிறார். வானத்தின் பிம்பம் விழுவதால் கடல் நீலமல்ல, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்பது அவர் கட்சி. 1930இன் நோபல் பரிசுக்குப் போகும் வழி அங்கே புறப்படுகிறது.

இத்தனையும் பதினைந்து நாளில், துன்மதி வருடத்து ஆவணிக் கடைசியும் புரட்டாசித் தொடக்கமும். இதை விட்டுவிட்டு கரூசோவுக்கு எதற்கு ஒரு அட்டை?

பிறப்புகளை மொத்தமாக எடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. ராய் பிறந்த அன்று அது அவர் வீட்டுச் செய்தி. 1921இல் வாழ்ந்தவர்களுக்கு அவர் யாரென்றே தெரியாது.

பதில் 2: போத்தனூர் ஆசிரியை

ஐயா சொன்ன தேதி வரிசை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் விட்டுப்போயிற்றே.

ஆகஸ்ட் 20 அன்று திரூரங்காடியில் தொடங்கிய மலபார்க் கிளர்ச்சியை அடக்க ராணுவச் சட்டம் வந்தது. நவம்பர் 19 மாலை, பிடிபட்ட ஏறக்குறைய நூறு பேரைத் திரூர் ரயில் நிலையத்தில் ஒரு சரக்குப் பெட்டிக்குள் அடைத்து, பெல்லாரி சிறைக்கு அனுப்பினார்கள். பெட்டியைத் திறந்தது கோவை அருகே எங்கள் போத்தனூரில். காற்றில்லாமல் உள்ளே பிணங்களாகக் கிடந்தார்கள். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து அறுபதுக்கு மேல். திரூரில் இதற்கு நினைவு மண்டபம் இருக்கிறது. எங்கள் நிலையத்தில் தினமும் இறங்கி ஏறும் என் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது.

பிறப்புகளை எடுக்கச் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. வர்கீஸ் குரியன் பிறந்தது இந்தக் கொடுமை நடந்த ஒரே வாரத்தில், அதே மலபாரில், கோழிக்கோட்டில், ராணுவச் சட்டம் நீங்காத நேரத்தில். பின்னர் சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்து, பால் கூட்டுறவை வளர்க்கக் குஜராத்தின் ஆனந்துக்குப் போனவர். இரண்டு அட்டைகளையும் அடுத்தடுத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ‘அன்றைக்கு யார் பிறந்தார்கள்’ என்று தேடித்தான் சுவரருகே வருவார்கள். வந்தவர்களை மற்றதைப் படிக்க வைப்பது நம் சாமர்த்தியம்.

பதில் 3: நூலகத் தொண்டன்

இருவருக்கும் நன்றி. மாதத்துக்கு ஒரு தாள் என்று முடிவு செய்துவிட்டேன். செப்டம்பருக்கு இரண்டு. பிறப்புகள் இருக்கும், ஆனால் சின்ன எழுத்தில், அந்தந்தத் தேதியிலேயே. கரூசோவை எடுத்துவிட்டேன். குரொபோத்கினுக்கு மட்டும் மன்னிப்பு வாங்கித் தாருங்கள் ஐயா, பிப்ரவரியில் பெரிய எழுத்துக்கு வேறு ஆளில்லை. மார்ச்சும் வெறுமையாக இருக்கிறது.

பதில் 4: பழைய மெய்ப்புத் திருத்துநர்

குரொபோத்கின் இருக்கட்டும். ஆசிரியை சொன்ன குரியன் அட்டை எனக்கும் சரியாகவே படுகிறது. சின்ன எழுத்து என்பதில் உறுதியாக இருங்கள்.

மார்ச் எப்படி வெறுமையாகும்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த மாதம் அது. 1918இன் விஷக்காய்ச்சலும் (ஸ்பானிஷ் ஃப்ளூ) பஞ்சமும் சேர்ந்து, பத்தாண்டுக் கணக்கில் இந்தியாவின் தலை எண்ணிக்கை குறைந்தது அந்த ஒரு முறைதான். அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மாதக் கடைசியில் பெஜவாடாவில் காங்கிரஸ் குழு கூடியபோதுதான் பிங்கலி வெங்கய்யா வடிவமைத்த தேசியக் கொடி காந்தி கைக்குப் போனது. பெஜவாடா என்றால் இன்றைய விஜயவாடா என்று அடியில் குறியுங்கள்.

அதே ஆண்டில் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை தரத் தீர்மானம் போட்டது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல். ஆனால் அவர்கள் சாவடிக்குப் போனது 1923 தேர்தலில். ‘1921இல் பெண்கள் வாக்களித்தார்கள்’ என்று அட்டையில் எழுதிவிடாதீர்கள். ஒட்டுவதற்கு முன் எல்லாத் தாளையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், ஒரு முறை பார்த்துத் தருகிறேன்.