புதுப்பிப்பு: வேர்நுனி அறுவை முடிந்தது, பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது

வேர் சிகிச்சை செய்து கேப் போட்ட மேல் முன்பல்லின் ஈறில் மறுபடி சீழ்க்கொப்புளம் வருகிறது, பிடுங்கிவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பிடுங்கவில்லை. வேர் சிகிச்சையை மறுபடி செய்யக் கேப்பைக் கழற்றி, அதைத் தாங்க வேருக்குள் இறக்கியிருக்கும் போஸ்ட் என்ற சின்னத் தண்டை உருவினால் வேரே பிளந்துவிடலாம் என்றார் டாக்டர். அதனால் ஈறு வழியாக வேர்நுனிக்குப் போனார்கள். மரத்துப்போக ஊசி, ஈறைக் கீறி விலக்கி எலும்பில் சின்னத் துளை, வேர்நுனியில் 3 மில்லிமீட்டர் வெட்டி, அந்த முனையை எம்டிஏ என்ற சிமெண்டால் அடைத்தார்கள். வலி இல்லை, டிரில் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்டதுதான் கொடுமை. இரண்டாம் நாள் உதடு பணியாரம் மாதிரி வீங்கியது. ஐஸ் ஒத்தடம், தயிர்சாதம். ஆறாம் நாள் தையல் பிரித்தாயிற்று. கொப்புளம் இதுவரை திரும்பவில்லை. எலும்பு வளர்ந்து மூட மாதக்கணக்கில் ஆகுமாம். 6 மாதம் கழித்து எக்ஸ்ரே. அதையும் இங்கேயே எழுதுகிறேன்.